மண்டையோட்டில் ஒரு நேர்கோடு

இந்த வேலையில் நான் செய்த பெரிய பிழை, ஒரு எண்ணை ஒரு நாள் முந்திச் சொன்னதுதான். வேட்டைக்காரர்களின் மான் கொம்பு அளக்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று கொஞ்சக் காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நாடாவை எப்படிப் பிடிப்பது, எந்த முனையைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். உங்களில் ஒருவர் ஈப்போவிலிருந்து வந்தவர், மற்ற இருவரும் மதுரைப் பக்கம். என் யாழ்ப்பாணத் தமிழ் இடையிடையே எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஏவன்டேல் என்ற புறநகரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பட்டறை இருந்தது. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மிருகங்களைக் கெடாமல் பாடம் பண்ணிக் கொடுக்கும் இடம். நான் கொழும்பில் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். எண்பத்துமூன்று ஜூலைக்குப் பிறகு கணவரோடு இங்கே வந்து, ஒரு வருடமாக எல்லர்ஸ்லியில் இருந்த அலுவலகங்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டு, ஒன்றும் கிடைக்காமல்தான் அந்தப் பட்டறைக் கதவைத் தட்டினேன். முதலாளி சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு மண்டையோட்டை எடுத்துக் கையில் தந்து, இது என்ன என்றார். ஆடு, நல்ல கிழடு, இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்திருந்திருக்கிறது என்றேன். ஒரு மேலங்கியை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அவர்தான் அந்த வட்டாரத்தில் கொம்பு அளந்து சான்று எழுதுகிறவர். நான் சேர்ந்த மறு வருடம் அவர் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பரீட்சை எழுதி அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் வேட்டைக்காரர்கள் உள்ளே வந்தால், என் தோளுக்கு மேலால் வேறு யாரையோ தேடுவார்கள். அவர் உள்ளறையிலிருந்தபடியே, அளக்கிறவர் அங்கே நிற்கிற அந்தப் பெண்தான் என்று சத்தமாகச் சொல்வார். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. பின்னால் நான் எழுதப்போவதை அதோடு சேர்த்து வாசியுங்கள்.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் செம்மான் கொம்புகள். மூஸ் மான் எப்போதாவதுதான் வரும். நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து கொண்டுவந்து இந்த நாட்டின் தெற்கே ஃபியோர்ட்லாந்துக் காட்டில் விட்ட சில மூஸ்களின் வாரிசு இன்னும் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். ஆனால் மூஸ் வேண்டும் என்று புறப்படுகிறவர்கள் கனடாவுக்கோ அலாஸ்காவுக்கோதான் போவார்கள். குதிரையைவிட உயரமான மிருகம் அது. கொம்பு, விரித்த இரண்டு கைகளைப் போல அகன்று பரந்திருக்கும். ஒரு ஆள் தனியே தூக்கிக்கொண்டு கதவால் நுழைய முடியாது.

மூஸ் கொம்புக்குப் புள்ளி போடும்போது உள்ளங்கை போல அகன்ற தட்டின் நீளம், அகலம், முனைகளின் எண்ணிக்கை எல்லாம் பார்ப்போம். இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்தைப் புள்ளியில் கழிப்போம். ஆனால் எல்லோரும் வாய் பிளந்து கேட்பது விரிவைத்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி எவ்வளவு என்பதை. அந்த அளவை நம்ப ஒரே ஆதாரம் மண்டையோடு. இரண்டு கொம்பும் எந்த இடைவெளியில் முளைத்தனவோ, அதே இடைவெளியில் அவற்றைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். மண்டையோட்டை இரண்டாக வெட்டிவிட்டால், பிறகு எவ்வளவு தூரம் தள்ளி ஒட்டுகிறோமோ அவ்வளவுதான் விரிவு. ஆகவே வெட்டிய தலை சாதனைப் பதிவேட்டில் ஏறாது. இதற்கு விலக்கே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிரெயிக் என்பவரும் ஹெலன் என்ற பெண்ணும் ஒரு வேனில் மூஸ் கொம்பு கொண்டுவந்தார்கள். ஹெலனின் கணவர் ராயும் கிரெயிக்கும் மாசி என்ற புறநகரில் சேர்ந்து கூரை வேலை எடுத்துச் செய்தவர்கள், இருபது வருட நண்பர்கள். இருவரும் மூன்று மாதத்துக்கு முன் அலாஸ்கா போயிருக்கிறார்கள். மூஸைச் சுட்டவர் ராய். இரண்டு நாள் கழித்து, திரும்பி வரும் சிறு விமானத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். உடல் முதலில் வந்தது. கொம்பு பெட்டியில் கப்பலேறி இப்போதுதான் வந்திருந்தது. கிரெயிக் அதைத் தன் கராஜில் வைத்துச் சுத்தம் பண்ணி, ஒரு பலகையில் பொருத்தி, அடிப்பக்கத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்திருந்தார்.

ஹெலன் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். ராயின் மேற்சட்டைப் பையில் இருந்ததாம். சுட்ட அன்றே மலைச்சரிவில் நின்று தானே அளந்து எல்லாவற்றையும் எழுதியிருந்தார் ராய். விரிவுக்கு எழுதிய எண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தது. "அவர் அளந்தது சரியா என்று எனக்குத் தெரிய வேண்டும். அது போதும்" என்றார் ஹெலன்.

அவர் முன்னாலேயே அளந்தேன். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். தட்டின் நீளம், அகலம் எல்லாம் ராய் எழுதியதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தன. பச்சைக் கொம்பு காய்ந்தால் சுருங்கும், அதனால்தான் இரண்டு மாதம் காயவிட்ட பிறகே அளக்கிறோம் என்று விளக்கினேன். கடைசியாக விரிவு. நாடாவைப் படித்தேன். ராய் எழுதிய அதே எண். ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

அந்த அளவுக்கு விரிந்த கொம்பை இந்த நாட்டு வேட்டைக்காரர் யாரும் அதுவரை எங்களிடம் கொண்டுவரவில்லை. முதலாளி உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். ஹெலன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அடியைத் திருப்பிப் பார்க்காமல் வாயே திறந்திருக்கக் கூடாது. ஆனால் கணவனை இழந்து மூன்று மாதமான ஒரு பெண் அப்படிப் பார்க்கும்போது என்னால் முடியவில்லை. "உங்கள் கணவர் சரியாகத்தான் அளந்திருக்கிறார். இது பதிவேட்டில் ஏறும்" என்று சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். கிரெயிக் வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற எல்லா அளவும் சுருங்கியிருக்கிறது. விரிவு மட்டும் ஏன் சுருங்கவில்லை?

மறுநாள் நேரத்தோடு போனேன். பலகையின் ஆணிகளைக் கழற்றித் துணியை விலக்கிப் பார்த்தேன். நெற்றி எலும்பு இரண்டும் சேரும் இடத்தில் எந்த மண்டையோட்டிலும் ஒரு கோடு இருக்கும். ஆனால் இயற்கை போட்ட கோடு ஒருபோதும் நேராக ஓடாது, ஆறு போல வளைந்து நெளிந்துதான் போகும். இங்கே ஓடியது நேர்கோடு. ஈரத் துணியால் அதன்மேல் துடைத்தேன். துணியில் பழுப்பு நிறம் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். தேயிலைச் சாயம். ஒட்டு வெள்ளையாகத் தெரியாமலிருக்கப் பூசியிருக்கிறார்கள். தேத்தண்ணீர் நாட்டுக்காரிக்கு அதை ஒளித்துவிட முடியாது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, நிதானமாகவே பேசினார். வருகிற சனிக்கிழமை வேட்டைக்காரர் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல், புதிய பதிவுகளை அங்கேதான் வாசிப்பார்கள். ஹெலன் நேற்றே ராயின் அண்ணன்மாருக்குப் போன் பண்ணிவிட்டார், அவர்கள் நாட்டின் தென்தீவிலிருந்து வருகிறார்கள். செத்துப்போன மனிதனின் பெயர் புத்தகத்தில் ஒரு வரி ஏறினால் யாருக்கு என்ன நட்டம்? வெட்டுவதற்கு முன்னால் ராய் நேர்மையாக அளந்த எண் தானே அது? இப்படியே கேட்டுவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "நேற்று நீ வாய் திறக்காமல் இருந்திருந்தால் இன்று இது வேறு கதை. இப்போது அந்த அளவுத் தாளில் கையெழுத்துப் போடு. நானும் போடுகிறேன்."

நான் உங்களிடம் மறைக்கப்போவதில்லை, அந்த நேரம் எனக்குப் பயமாக இருந்தது. என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு மெட்ராசில் ஒரு லாட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த விண்ணப்பத்தோடு வைக்க ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தவர் இந்த முதலாளிதான். அவர் அதைப் பற்றி அன்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. (அந்தக் கடிதத்தை அவர் அடுத்த திங்கட்கிழமை எழுதி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் புதன்கிழமை எனக்கு அது தெரியாது.) கையெழுத்துப் போட முடியாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குள் பயத்தோடு கோபமும் இருந்தது. கிரெயிக் ஒரு கள்ளன், செத்த நண்பனின் பெயரில் புகழ் தேடுகிறான், என்னையும் அதற்குக் கருவியாக்கிவிட்டான். தாளின் குறிப்பு எழுதும் இடத்தில் 'ஏமாற்றும் நோக்கத்தோடு' என்று எழுதத்தான் மனதில் வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டு முடித்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏன் வெட்டினவர் எண்டு நீர் அவரைக் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு கோடு மட்டும்தான். நோக்கத்தை நானாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கிரெயிக்கைப் போனில் கூப்பிட்டேன். கொம்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், தனியே வர முடியுமா என்று மட்டும் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் வந்தார். கழற்றி வைத்திருந்த பலகையையும் துணியையும் பார்த்தவுடனேயே ஒரு மறுப்பும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். உயரமான மனிதர். கூரை வேலையில் காய்த்துப்போன கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அன்று அவர்களைக் கூட்டிப் போக ஏரிக்கு விமானம் வரும் நாள். காலையிலிருந்தே ராய்க்கு நெஞ்சு கனத்தது. விமானி வந்திறங்கி ராயின் முகத்தைப் பார்த்ததும், சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே ஏறுங்கள் என்றிருக்கிறார். வானிலையும் கெட்டுக்கொண்டு வந்தது. ராயைப் பின்னால் படுக்க வைத்தால் முழுக் கொம்புக்கு உள்ளே இடமில்லை. வெளியே கட்டவும் விமானி சம்மதிக்கவில்லை. ராய் போய்க் கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். தலை வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்றார். கெஞ்சியும் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. கடைசியில் கிரெயிக் இறைச்சியும் எலும்பும் அறுக்கும் பல் வைத்த வாளை எடுத்து மண்டையோட்டை நடுவால் அறுக்கத் தொடங்கினார். விமானி பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இருபது நிமிடம் எடுத்தது" என்றார் கிரெயிக். "அறுக்கும்போதே பதிவு போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவனுக்கு அது பரவாயில்லை. ஏறி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, போய்விட்டான். ஊர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இறங்க இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது."

ஹெலனிடம் அவர் சொன்னதெல்லாம், ராய் நோவே தெரியாமல் தூக்கத்தில் போனார் என்பதுதான். பிறகு பெட்டி வந்திருக்கிறது. குறிப்புப் புத்தகத்தைக் காட்டி, ராய் அளந்தது சரியா என்று கேட்டிருக்கிறார் ஹெலன். வெட்டிய கதையைச் சொன்னால் அந்த இருபது நிமிடத்தையும் சொல்ல வேண்டும். கராஜைப் பூட்டிக்கொண்டு, ராய் எழுதிய எண் வரும்வரை தள்ளித் தள்ளி வைத்து ஒட்டியிருக்கிறார்.

எண்பத்துமூன்று ஜூலையில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைக்க ஆட்கள் வந்த அன்று, என்னைப் பின்மதிலால் அடுத்த வீட்டு வளவுக்குள் இறக்கிவிட்டு, சான்றிதழ்கள் இருந்த பையை எடுக்க என் கணவர் திரும்பி உள்ளே போனார். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் நின்ற நேரம் எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. அவர் வந்துவிட்டார். அந்தச் சான்றிதழ்களை வைத்துத்தான் எங்களுக்கு விசா கிடைத்தது. ஆகவே அவர் செய்தது புத்திசாலித்தனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வராமல் போயிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள். கிரெயிக்கிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனால் அவரைக் கள்ளன் என்று எழுத என்னால் இனி முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அவரிடம் சொன்னேன்: "நான் சொன்ன எண்ணை நானே திருப்பி எடுக்க வேண்டும். நாளைக்கு ஹெலனை வரச் சொல்லப்போகிறேன். மண்டையோடு வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, பதிவேட்டில் ஏறாது. இவ்வளவும் நான் சொல்வேன். ஏன் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அது உங்களுடையது."

சனிக்கிழமைக்குப் பிறகு சொல்கிறேனே என்று கேட்டார். முடியாது என்றேன். அண்ணன்மார் வந்து கூடிய இடத்தில் ஒரு பொய்யைக் கேட்டு ஹெலன் கைதட்டிவிட்டால், பிறகு அதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது. நாளைக்கு வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாமல் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மழை. ஹெலன் முதலில் வந்தார். நான் பலகையில்லாமல் கொம்பை மேசைமேல் வைத்திருந்தேன். நான் பேசத் தொடங்கும்போது கிரெயிக் உள்ளே வந்து கதவோரம் நின்றார். முதலாளியும் உள்ளறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் ஹெலனிடம் நேராகவே சொன்னேன். செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், பிழை என்னுடையது என்றேன். விரலால் அந்த நேர்கோட்டைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். நான் நினைத்தபடியே, ஏன் என்று கேட்டார். நான் கிரெயிக்கின் பக்கம் திரும்பினேன்.

பிறகு கிரெயிக் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடக் குறைந்த சொற்களில், ஆனால் ஒன்றையும் விடாமல். கல்லில் உட்கார்ந்தது, கெஞ்சியது, அறுத்தது, இருபது நிமிடம்.

ஹெலன் என் பக்கம் திரும்பினார். "இருபது நிமிடம் முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் எலும்பு அளக்கிறவள்." ஆறுதலாக ஒன்றைச் சொல்ல நாக்கு துடித்தது. செவ்வாய்க்கிழமை அப்படிச் சொல்லித்தான் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம் என்று அடக்கிக்கொண்டேன்.

ஹெலன் கிரெயிக்கைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"தூக்கத்தில் போனார் என்று நீ சொன்னதை நான் நம்பவே இல்லை" என்றார். "ராய் படுத்தவுடன் தூங்குகிற ஆளா? மூன்று மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவர் பயந்து போயிருப்பார் என்று. யாரோ தெரியாத ஒருவரின் விமானத்தில், பேச முடியாமல், பயந்து போய். நீ சொல்வதைப் பார்த்தால், ஏறும்வரை உன்னோடு சண்டையல்லவா பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்."

"ஓம்" என்பதுபோல் கிரெயிக் தலையாட்டினார். ஏறிய பிறகும் பிடித்தார், வாளைச் சாய்த்துப் பிடித்துவிட்டாய் என்று ஏசினார் என்றார்.

ஹெலன் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. பின்னர் மன்னித்தாரா என்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் ஒன்றுகூடலில் ராயின் பெயரைப் பதிவு என்று யாரும் வாசிக்கவில்லை, முதலாளியே முன்கூட்டிச் சங்கத்துக்குப் போன் பண்ணிவிட்டார். தாளின் குறிப்பு இடத்தில் நான் எழுதியது ஒரே வரி: மண்டையோடு வெட்டப்பட்டுப் பின் ஒட்டப்பட்டுள்ளது, விரிவு ஏற்கத்தக்கதல்ல. நோக்கம் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அளக்கக் கூடியதை எழுதினேன், அளக்க முடியாததை உரியவர்களிடம் விட்டேன். இத்தனை வருடத்தில் இந்த வேலை பற்றி நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், தம்பிமாரே, தங்கச்சி. அதையும் ஒரு பிழை செய்துதான் கற்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொம்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். நான் உதவப் போனேன். முதலாளி என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். ஒரு பக்கத்தை ஹெலன் பிடித்தார். கிரெயிக் தயங்கிவிட்டு வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். கதவு அகலம் போதவில்லை. "உன் பக்கத்தைக் கொஞ்சம் மேலே தூக்கு" என்றார் ஹெலன். அவர் தூக்கினார். இருவருமாகச் சாய்த்து, மெதுவாக, எங்கேயும் இடிபடாமல் அதை மழைக்குள் கொண்டுபோனார்கள்.